முதல் ஆம்ப்ளிஃபையர் பாடவில்லையா? 4440 போர்டில் பிழை பார்க்கும் வழி

கோடை விடுமுறை தொடங்கினால் என் மேஜை நிரம்பிவிடும். பத்தாவது முடித்த பையன்கள், பாலிடெக்னிக் முதல் வருடப் பிள்ளைகள், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமை அசெம்பிள் செய்து பழகுகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு பெட்டியோடு வருவார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ வாங்கிய 4440 போர்டு (4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி வைத்தது), 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட் தருவது), வால்யூம் கண்ட்ரோல், ப்ளூடூத் போர்டு எல்லாம் அதற்குள் இருக்கும். மாட்டியாகிவிட்டது, ஆனால் பாடவில்லை. அல்லது பாடுகிறது, கூடவே ம்ம்ம் என்று ஒரு இரைச்சலும் வருகிறது.

எல்லோரும் வாசலிலேயே சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, ஐசி போயிடுச்சு." திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஐசி நன்றாகவே இருக்கும். நிஜமாகவே போயிருந்தாலும், அதைக் கொன்ற காரணம் பெட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது ஐசி போட்டால் அதுவும் அன்று மாலையே போய்விடும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் ஐசியைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இதை 4440 ஐசியை வைத்தே எழுதுகிறேன். ஒரு ஐசி போர்டு, இரண்டு ஐசி போர்டு இரண்டுக்கும் பொருந்தும். 6283, 2030 போர்டு வைத்திருப்பவர்களுக்கும் தேடும் வரிசை இதுதான். வோல்டேஜ் கணக்கும் ஐசி கால்களின் எண்களும் மட்டும் மாறும்.

## கை வைக்கும் முன்

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், சாதாரண மஞ்சள் மீட்டரே போதும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, காய்ந்த ஈர்க்குச்சி ஒன்று. இவற்றைவிட முக்கியம் சீரிஸ் பல்பு.

60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, லைன் ஒயரை வெட்டி நடுவில் சேர்த்துவிட்டால் சீரிஸ் போர்டு தயார். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேண்டும். ஹோல்டரின் முனைகளும் இணைப்புகளும் வெளியே தெரியாதபடி மூடியிருக்க வேண்டும். புதிதாக மாட்டிய எதையும் முதல் தடவை நேராகக் கரண்டில் போடாதீர்கள், இதன் வழியாகப் போடுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி அணைந்தால், அல்லது மங்கலாக லேசாகச் சிவந்து நின்றால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு மீதிக் கரண்டைத் தடுத்துவிடுவதால் டிரான்ஸ்ஃபார்மரும் ஐசியும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் கை விடும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது. ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டியிருந்தால் அணைத்த பிறகும் உள்ளே 230 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மேஜை மேல் வையுங்கள். அப்புறம் பெரிய கண்டன்சரின் இரண்டு காலுக்கும் குறுக்கே அந்த 100 ஓம் ரெசிஸ்டரை ஐந்து நொடி பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க வைப்பது கண்டன்சருக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

## ஸ்விட்ச் போட்டால் எதுவுமே இல்லை, எல்இடி கூட எரியவில்லை

முதலில் சுவர் பாயிண்டில் வேறு ஏதாவது மாட்டிப் பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸை வெளியே எடுத்து மீட்டரின் பஸரில் (இணைப்பு அறாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். கண்ணாடிக்குள் கம்பி தெரிகிறதே என்று நம்பாதீர்கள், மூடி ஓரத்தில் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸ் போயிருந்தால் புதியதைப் போடாமல் நேராக அடுத்த தலைப்புக்குப் போங்கள். ஃபியூஸ் காரணமில்லாமல் போகாது.

ஃபியூஸ் சரி என்றால் பவர் ஸ்விட்ச். போட்டும் அணைத்தும் பஸரில் பாருங்கள். அதுவும் சரி என்றால், பிளக் பிடுங்கியபடியே, ஸ்விட்சை மட்டும் ஆனில் வைத்து, பிளக்கின் லைன், நியூட்ரல் முனைகளுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் சில பத்து ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது, அல்லது பிரைமரி காயில் (230 வோல்ட் போகும் பக்கம்) அறுந்துவிட்டது. சில டிரான்ஸ்ஃபார்மர்களில் காயிலுக்கு மேல் சுற்றிய பேப்பருக்கு அடியில் சின்ன வெப்ப ஃபியூஸ் இருக்கும். அது போனால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுங்கள், அல்லது காயில் கட்டும் கடையில் கொடுங்கள். அந்த ஃபியூஸைத் தாண்டி நேராக ஒயர் போட்டு ஓட்டுவது வீட்டுக்குத் தீ வைக்கும் வேலை.

டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் போகிறது, எல்இடி மட்டும் எரியவில்லை என்றால் எல்இடி திருப்பி மாட்டியிருக்கும். பாட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு அதைத் திருப்பி மாட்டுங்கள்.

## ஃபியூஸ் போகிறது, சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிகிறது

இங்கே பிரித்துப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, போர்டு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றாகக் கழற்றி, சீரிஸ் பல்பில் போட்டு, பல்பு எப்போது அணைகிறது என்று பாருங்கள்.

போர்டுக்குப் போகும் பிளஸ் ஒயரைக் கழற்றினால் பல்பு அணைகிறதா? அப்படியானால் கோளாறு போர்டில். பிளஸும் மைனஸும் மாற்றி மாட்டியிருக்கிறதா பாருங்கள். பிறகு போர்டைத் திருப்பி, ஐசியின் பதினான்கு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 10, 11, 12ஆம் கால்கள்தான் முக்கியம். நடுவில் 11 பிளஸ் சப்ளை, இரண்டு பக்கமும் 10, 12 ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு. அங்கே ஒரு மயிரிழை ஈயம் ஒட்டினால்கூட ஐசி போய்விடும்.

போர்டைக் கழற்றியும் பல்பு எரிகிறதா? இப்போது டிரான்ஸ்ஃபார்மரின் மூன்று செகண்டரி ஒயர்களையும் (12-0-12 வரும் பக்கம்) கழற்றுங்கள். பல்பு அணைந்தால் டயோடோ பெரிய கண்டன்சரோ ஷார்ட். டயோடின் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்கிறதா, கண்டன்சரின் மைனஸ் கோடு கிரவுண்டில் (சப்ளையின் மைனஸில்) இருக்கிறதா என்று பாருங்கள். கண்டன்சரின் தலை உப்பியிருந்தால் பரிசோதனையே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

டயோடைச் சோதிப்பதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 12-0-12இல் இரண்டு டயோடு போட்டிருக்கும்போது, அவற்றின் ஒரு பக்கக் கால்கள் டிரான்ஸ்ஃபார்மர் காயில் வழியாக ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். காயிலின் தடை ஒரு ஓம்கூட இருக்காது. அதனால் ஒரு டயோடு அறுந்திருந்தாலும் மீட்டர் பக்கத்து டயோடின் அளவைக் காட்டி "நல்லது" என்று சொல்லிவிடும். ஒரு காலை ஈயம் உருக்கித் தூக்கிவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். ஒரு பக்கம் 0.5, 0.6 என்று காட்டி, புரோப் மாற்றினால் ஒன்றும் காட்டாமல் இருந்தால் டயோடு நல்லது.

மூன்று ஒயரையும் கழற்றியும் பல்பு எரிகிறதா? டிரான்ஸ்ஃபார்மரையே சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் ஒன்று: பிரைமரி, செகண்டரி மாற்றி மாட்டியிருக்கிறீர்களா? ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், கடைக்குக் கடை மாறும். சில பத்து ஓம் காட்டும் ஜோடிதான் 230 வோல்ட்டுக்கு. ஒரு ஓமுக்கும் கீழே காட்டும் மூன்றும் செகண்டரி. சரியாகவே மாட்டியிருந்தும் பல்பு பளிச்சென்று எரிந்தால் காயில் உள்ளுக்குள் ஷார்ட். வார்னிஷ் கருகிய வாசனையும் வரும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

## புது ஐசி போட்டும் போய்க்கொண்டே இருக்கிறது

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. போன வருடம் ஒரு தம்பி பெட்டியோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவையும் கொண்டுவந்தான். டப்பாவுக்குள் மூன்று செத்த 4440. ஒன்றின் முகத்தில் மிளகு அளவுக்கு ஓட்டை. நான்காவது ஐசியைக் கையில் வைத்திருந்தான், மாட்டிக் கொடுங்கள் என்று. நான் ஐசி மாட்டவில்லை. பவர் போட்டு, கண்டன்சரின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தேன். 35 வோல்ட்.

அவன் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருந்தான். வீடியோ ஒன்றில் நான்கு டயோடு பிரிட்ஜ் போட்டதைப் பார்த்து, நடு ஒயரை விட்டுவிட்டு, இரண்டு ஓர ஒயரையும் பிரிட்ஜில் மாட்டியிருந்தான். 24 வோல்ட் ஏசி பிரிட்ஜில் போய் டிசியாக வரும்போது 33, 34 ஆகிவிடும். 4440 பாடிக்கொண்டிருக்கும்போது தாங்கும் உச்ச அளவே 18 வோல்ட். நடு ஒயரைக் கிரவுண்டில் வைத்து, ஓர ஒயர்களுக்கு ஆளுக்கு ஒரு டயோடு மட்டும் போட்டதும் 17 வந்தது. நான்காவது ஐசி இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஐசி மாட்டும் முன், போர்டின் பிளஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, சப்ளை எவ்வளவு என்று பாருங்கள். 12 முதல் 17 வரை இருந்தால் சரி. சில ஊர்களில் ராத்திரி வீட்டுக் கரண்டே 245, 250 வரும். அங்கே 12-0-12 போட்டால் டிசி 18ஐத் தாண்டிவிடும். என்னைக் கேட்டால் 4440க்கு 9-0-9 டிரான்ஸ்ஃபார்மரோ 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸோதான் (நேராக 12 வோல்ட் டிசி தரும் சப்ளை பெட்டி) நிம்மதி. சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் ஐசி நிலைக்கும்.

சப்ளை சரியாக இருந்தும் ஐசி போகிறது என்றால் ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்கள். சந்தையில் வரும் 4440 போர்டுகளில் நிறைய பிரிட்ஜ் முறையில் வருகின்றன (இது மேலே சொன்ன டயோடு பிரிட்ஜ் இல்லை). அவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் ஐசியின் வெளியீட்டிலிருந்தே வரும், எதுவும் கிரவுண்ட் கிடையாது. இது தெரியாமல் ஸ்பீக்கர் மைனஸை பெட்டியின் உடலில் மாட்டுகிறார்கள், அல்லது இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் சேர்த்து ஒரே ஒயராக இழுக்கிறார்கள். இன்னும் சிலர் ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ சாக்கெட் வைக்கிறார்கள். அதன் வெளி வளையம் இரும்புப் பெட்டியைத் தொட்டதும் கிரவுண்ட் ஆகிவிடும். உங்கள் போர்டு எந்த வகை என்று தெரிந்துகொள்ள, பவர் இல்லாமல், ஸ்பீக்கர் மாட்டாமல், ஸ்பீக்கர் மைனஸ் முனைக்கும் சப்ளை மைனஸுக்கும் பஸர் வையுங்கள். பீப் வந்தால் சாதாரண வகை. வராவிட்டால் பிரிட்ஜ் வகை. பிரிட்ஜ் என்றால் ஸ்பீக்கர் ஒயர் எதுவும் பெட்டியையோ மற்ற ஸ்பீக்கரையோ தொடக் கூடாது.

## எல்இடி எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை

ஸ்பீக்கரில் தொடங்குங்கள். போர்டிலிருந்து அதைக் கழற்றி, ஒரு பென்சில் செல்லை இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். டக் என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

அடுத்து விரல் சோதனை. வால்யூமைப் பாதி வைத்துக்கொண்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் விரலை வைத்து, அதன் நுனியால் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலைத் தொடுங்கள். கவனம்: 230 வோல்ட் வரும் ஸ்விட்சோடு சேர்ந்த வால்யூம் கண்ட்ரோல் என்றால் இதைச் செய்யவே வேண்டாம். ஸ்பீக்கரில் ங்ர்ர்ர் என்று இரைந்தால் ஆம்ப்ளிஃபையர் முழுவதும் நன்றாக இருக்கிறது. கோளாறு ப்ளூடூத் போர்டிலோ அங்கிருந்து வரும் ஒயரிலோதான். செல்போன் இணைந்திருக்கிறதா, போர்டு யூஎஸ்பி முறையில் நிற்கிறதா என்றுகூடப் பாருங்கள். இரண்டு முறை இந்தக் காரணத்துக்காகவே எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளை ஒருவன் உண்டு.

இரையவில்லை என்றால் ஈர்க்குச்சியை எடுங்கள். பவர் போட்டு, ஐசியின் கால்கள், ஒயர் வந்து சேரும் இடங்கள், கண்டன்சர் கால்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக லேசாக அழுத்துங்கள். எங்கே தொடும்போது கரக் என்று சத்தம் வந்து போகிறதோ அங்கே டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் அந்த ஈயத்தின் மேல் பளபளப்பு இருக்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டக் கோடும் தெரியும். அதன் மேலேயே இன்னும் ஈயத்தைக் கொட்டாதீர்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, 25 வாட் அயர்னை காலிலும் போர்டின் செம்புத் தகட்டிலும் சேர்த்து வைத்து, இரண்டு மூன்று நொடியில் புது ஈயம் ஓட விடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் வைத்தால் தகடு உரிந்துவிடும்.

இதற்கு அப்புறம்தான் ஐசி. பெயர் எழுதிய முகம் உங்களைப் பார்த்திருக்க, இடது ஓரம் 1, வலது ஓரம் 14. 11இல் சப்ளை முழுசாக வர வேண்டும். 10, 12 இரண்டிலும் அதில் பாதி இருக்க வேண்டும்: சப்ளை 16 என்றால் 8ஐ ஒட்டி. இரண்டும் பாதியில் நின்றால் ஐசி அநேகமாக நல்லது. ஒன்று பூஜ்யத்திலோ முழு சப்ளையிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஐசி போய்விட்டது. அளக்கும் முன் மீட்டர் புரோபின் நுனியில் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுங்கள். 10க்கும் 11க்கும் நடுவே புரோப் வழுக்கினால், நல்ல ஐசியைச் சோதித்துக் கொன்றவராகிவிடுவீர்கள்.

ஐசி மாற்றத்தான் வேண்டும் என்றால், பதினான்கு காலையும் ஒரே நேரத்தில் உருக்கி இழுக்க முயலாதீர்கள். முதலில் கட்டரால் எல்லாக் காலையும் உடலை ஒட்டி வெட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு துண்டாக உருக்கி எடுத்தால் தகடு பிழைக்கும். தகடு ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் உரிந்துவிட்டதா? புது போர்டு வாங்குங்கள்.

## ம்ம்ம் என்று இரைகிறது

அதிகம் பேர் வருவது இதற்குத்தான். பலர் இதற்காகப் பெரிய பெரிய கண்டன்சராக மாற்றிக்கொண்டே போவார்கள். முதலில் வால்யூமை முழுவதும் குறையுங்கள்.

வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் போகிறது. கோளாறு வால்யூமுக்கு முன்னால். ப்ளூடூத் போர்டிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் வால்யூம் ஏற்றினால் இரைகிறதா? வால்யூமுக்கு வரும் ஒயர் ஷீல்டு ஒயர்தானா (மேலே கம்பி வலை சுற்றியது), அதன் வலை கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக இழுத்துப் போயிருந்தால் இரையத்தான் செய்யும்.

வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. வால்யூமின் உடலைச் சுரண்டி, ஒரு ஒயர் ஈயம் வைத்து, உள்ளீட்டு கிரவுண்டில் சேருங்கள். இது ஐந்து நிமிட வேலை. பாதி இரைச்சல் இதிலேயே போய்விடும்.

வால்யூம் பூஜ்யத்தில் வைத்தும் இரைகிறது. இங்கே கிரவுண்ட் ஒயர்களைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர், போர்டின் மைனஸ், ஸ்பீக்கரின் மைனஸ், ப்ளூடூத்தின் மைனஸ் எல்லாம் எங்கே சேர்கின்றன? ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகப் போனால் இரைச்சல் உறுதி. எல்லாவற்றையும் தனித்தனி ஒயராகக் கொண்டுவந்து பெரிய கண்டன்சரின் மைனஸ் காலில் ஒரே புள்ளியில் சேருங்கள். பிரிட்ஜ் போர்டில் ஸ்பீக்கர் ஒயருக்கு இது பொருந்தாது, மேலே சொன்னேன். ஒரு பெட்டியில் இந்த ஒரே வேலையைத்தான் செய்தேன். பாகம் எதையும் மாற்றவில்லை. சேர்த்த பிறகு காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால்தான் லேசாக ஏதோ கேட்டது. அந்தப் பிள்ளை அதுவரை மூன்று கண்டன்சர் மாற்றியிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கித் திருப்பினால் இரைச்சல் மாறுகிறது. அது போர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். திருகைக் கழற்றி, பெட்டியின் மறு ஓரத்துக்கு நகர்த்தி, சத்தம் குறைவாக இருக்கும் பக்கமாகத் திருப்பி மாட்டுங்கள். தூக்கிப் பார்க்கும்போது பிரைமரி இணைப்புகள் முழுவதும் ஸ்லீவ் போட்டு மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி நகர்த்தி, பிறகு பவர் போட்டுக் கேளுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் இரைகிறது. இப்போது கண்டன்சர். பாட்டு இல்லாதபோது சப்ளையின் பிளஸ், மைனஸில் மீட்டரை ஏசி ரேஞ்சில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கண்டன்சரோ ஒரு டயோடோ பழுது. விலை குறைந்த மீட்டர் சில, டிசியையே ஏசி என்று எடுத்துக்கொண்டு 35, 40 என்று காட்டும். புரோபை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். அப்படிக் காட்டினால் ஒரு புரோபோடு 0.1 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கண்டன்சரைத் தொடராகச் சேர்த்து அளங்கள். ஒரு ஐசி போர்டுக்கு 4700 எம்எஃப்டி 25 வோல்ட் ஒன்று போதும். 10000 போட்டுத்தான் இரைச்சல் போகிறது என்றால் கோளாறு வேறெங்கோ ஒளிந்திருக்கிறது.

## ப்ளூடூத் போட்டால் கீய்ய்ங் என்று வருகிறது

செல்போனில் பாட்டு மாற்றும்போது, நிறுத்தும்போது மெல்லிசாக ஒரு விசில். இது மேலே சொன்ன ம்ம்ம் இரைச்சல் இல்லை. ப்ளூடூத் போர்டும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே சப்ளையில் இருப்பதால் வருவது. சோதனை எளிது: ப்ளூடூத் போர்டின் 5 வோல்ட்டைக் கழற்றிவிட்டு, பவர் பேங்கிலிருந்து கொடுங்கள். விசில் போய்விட்டால் காரணம் உறுதி. நிரந்தரமாகச் சரிசெய்ய பி0505எஸ் என்ற சின்ன ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை (உள்ளே வரும் 5 வோல்ட்டோடு ஒட்டாமல் தனியாக 5 வோல்ட் தருவது) போடலாம், அல்லது ப்ளூடூத்துக்குத் தனியாக ஒரு சின்ன சப்ளை வைக்கலாம். 17 வோல்ட்டிலிருந்து 7805 ரெகுலேட்டர் ஐசி வைத்து 5 எடுத்திருந்தால் அதற்குச் சின்ன ஹீட் சிங்க் வையுங்கள். வெறுமனே விட்டால் தொட முடியாத அளவுக்குச் சுடும். ப்ளூடூத் அடிக்கடி அறுந்து அறுந்து இணைவதற்கும் அந்தச் சூடு காரணமாகலாம்.

## கொஞ்ச நேரம் பாடுகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி வருகிறது

4440க்குள் சூடு அதிகமானால் தானாக நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. நின்று நின்று வருவது அதன் கூக்குரல். ஹீட் சிங்க்கின் திருகு இறுகியிருக்கிறதா, நடுவில் வெள்ளை காம்பவுண்ட் மெல்லிசாகத் தடவியிருக்கிறதா என்று பாருங்கள். விரல் அகல அலுமினியத் துண்டு போதாது. 2030 போர்டு வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க: அந்த ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. இரட்டை சப்ளையில் (பிளஸ், கிரவுண்ட், மைனஸ் மூன்றும் உள்ளது) நடுவே மைக்கா தகடு வைக்காமல் பெட்டியில் முடுக்கினால் ஷார்ட்.

ஹீட் சிங்க் சரி என்றால் ஸ்பீக்கரை மீட்டரில் அளங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும், 8 ஓம் ஆறு ஏழு காட்டும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒன்றாகச் சேர்த்து ஒரே வெளியீட்டில் மாட்டியிருந்தால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜில் இருக்கும் 4440 அதைத் தாங்காது.

பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் சுடுகிறதா? பிளஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் நடுவில் சேருங்கள். ஒரு ஐசிக்கு 100 மில்லி ஆம்பியர் சுற்றி இருக்கலாம். 200ஐத் தாண்டினால் ஐசி காதுக்குக் கேட்காத அளவில் அதிர்ந்துகொண்டிருக்கலாம். வெளியீட்டில் இருக்கும் 0.1 எம்எஃப்டி கண்டன்சரும் 4.7 ஓம் ரெசிஸ்டரும் ஒழுங்காக ஈயம் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

## சத்தம் கூட்டினால் உடைகிறது, டப் டப் டப் என்று அடிக்கிறது

பாட்டு ஓடும்போதே சப்ளையில் மீட்டரை வையுங்கள். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் 16இலிருந்து 10க்கு விழுகிறதா? சப்ளை போதவில்லை. 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில் இரண்டு ஐசி போர்டை ஓட்ட முடியாது. ஒல்லி ஒயரும் இதே வேலையைச் செய்யும். சப்ளை அசையவில்லை என்றால் செல்போன் வால்யூமை முக்கால் வைத்துக் கேளுங்கள். உள்ளீடே அதிகமாக வந்தாலும் உடையும். பிரிட்ஜில் 4440 தருவது 4 ஓமில் 19 வாட் சுற்றித்தான். ஸ்பீக்கர் மேல் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் பவரை அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் ஸ்பீக்கர் கோனின் நடு மூடியைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அமுக்குங்கள். மணல் உரசுவது போலக் கேட்டால் காயில் உரசுகிறது. கோன் மாற்றுகிறவரிடம் கொடுங்கள், நாமே பிரிக்கக் கூடாது.

## ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

இடது வலது ஸ்பீக்கரை மாற்றி மாட்டுங்கள். ஊமைப் பக்கம் ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர் கோளாறு. போகவில்லை என்றால் உள்ளீட்டு ஒயரை மாற்றுங்கள். இப்போது இடம் மாறினால் ப்ளூடூத் அல்லது வால்யூம். இரண்டுக்கும் மாறவில்லை என்றால் போர்டு, அப்போது ஈர்க்குச்சி.

இரண்டும் பாடுகிறது, ஆனால் பேஸ் இல்லை, சத்தம் வெற்றாக இருக்கிறது என்றால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் திருப்பி மாட்டிப் பாருங்கள். பென்சில் செல்லின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டையும் அப்படிப் பார்த்துக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

வால்யூம் திருப்பினால் கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்புங்கள். போகவில்லை என்றால் மாற்றுங்கள். வாங்கும்போது ஏ என்று குறி போட்டதைக் கேளுங்கள். பி போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் முழுதும் வந்துவிடும். வால்யூம் தலைகீழாக வேலை செய்தால் ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றி மாட்டுங்கள்.

## பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

இங்கே நிறுத்திவிடுங்கள். சுறுசுறு என்று லேசாக உணர்ந்தாலும், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதா, அந்த எர்த் ஒயர் இரும்புப் பெட்டியில் திருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். எர்த் சரியாக இருந்தும் அடித்தால் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போயிருக்கும், அல்லது வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை. முதலாவதற்கு அனுபவமுள்ள மெக்கானிக், இரண்டாவதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். பெட்டியை மாட்டினாலே வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) டிரிப் ஆகிறது, டிரான்ஸ்ஃபார்மர் கருகி வாசனை வருகிறது, மூன்று செகண்டரி ஒயரைக் கழற்றியும் ஃபியூஸ் போகிறது என்றாலும் அப்படியே. இந்த நான்கில் எதிலும் நீங்களே இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது போர்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் நீங்கள் மாட்டியபடியே பெட்டியோடு கொண்டுபோங்கள். எந்தெந்தப் பாகம் ஏற்கெனவே மாற்றினீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி உள்ளேயே வையுங்கள்.